பாலைவனத்தைப் பெருக்குகிறவன்

ஓராப் வாசல், நமீப் பாலைவனம்
9 பிப்ரவரி 1996

அன்பு மகள் ஒட்டீலிக்கு,

அப்பா எலிஃபாஸ் எழுதுகிறேன். கர்த்தர் புண்ணியத்தில் உடம்பு நன்றாக இருக்கிறது. இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய்? வயிற்றிலிருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறது? நீ லாரியில் அனுப்பிய ஸ்னூக் கருவாடு வந்தது. வாசனை ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஒபேத் திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். பெட்டி ஒன்று, கிடார் ஒன்று, அவ்வளவுதான் சொத்து. பயணக் கம்பெனிக்காரர்கள் அன்றைக்கே ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களுக்கு விறகும் சாமானும் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தேன். நாலு டயரும் என் தலை மாதிரி வழுக்கை. "மாப்ளே, இந்தத் தடத்தை நான் தூக்கத்துல பாத்தாக்கூடச் சொல்லிடுவேன், நம்ம வண்டின்னு" என்றேன்.

என் வேலை என்ன என்று கேட்டார். பத்தொன்பது வருஷமாக உனக்கே 'அரசாங்க வேலை' என்று சொல்லிச் சமாளித்து வந்தவன் நான். மாப்பிள்ளையிடம் அது செல்லுபடியாகவில்லை. காலையில் வாசலில் நின்று பார்வையாளர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன், மத்தியானம் பாலைவனத்தைப் பெருக்குகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, பாலைவனத்தைப் பெருக்கச் சம்பளமா? கடலைத் துடைக்க ஆள் எடுத்தா சொல்லுங்க, நான் ஊருக்கே திரும்பிடறேன்."

நீயும் சிரித்துக்கொள். ஆனால் விஷயம் இதுதான். சரளைத் தரையில் ஒரு வண்டி சாலையை விட்டு இறங்கினால் அந்தத் தடம் ஐம்பது வருஷம் இருக்கும். ஒரு ஜெர்மன்காரர் செடியைப் படம் எடுக்க இறங்குவார். அடுத்து வருகிறவர் அந்தத் தடத்தைப் பார்த்து, 'ஓகோ, இதுவும் வழிதான்' என்று பின்னாலேயே போவார். ஒரு மாதத்தில் கல்பாசி எல்லாம் நசுங்கிப் புதுச்சாலை பிறந்துவிடும். அதனால் நான் வாரியும் துடைப்பமுமாகப் போய், சாலையிலிருந்து கண்ணுக்கெட்டுகிற தூரம் வரை தடத்தை அழித்துவிடுவேன். பின்னோக்கி நடந்துகொண்டே பெருக்கவேண்டும், இல்லாவிட்டால் என் கால்தடத்தை அழிக்க இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிவரும்.

ஜூன் மாதம் கம்பெனி வீடு கொடுக்கிறதாம். பிரசவத்துக்கு முன்னால் நீ வந்துவிடலாம். ஜன்னலுக்கு என்ன நிறத் திரை வேண்டும் என்று மாப்பிள்ளை இப்போதே என்னைக் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்?

பூங்கா லாரி கிளம்பப் போகிறது. முடிக்கிறேன்.

உன் அப்பா,
எலிஃபாஸ்


லூடரிட்ஸ்
2 மார்ச் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒட்டீலி வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் பிள்ளையும் நலம். வாந்தி நின்றுவிட்டது. மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் கால் வீங்குகிறது. அது தவிரக் குறையில்லை. உங்கள் முழங்காலுக்குக் கடல்நாய் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். குடித்துவிடாதீர்கள், தடவ வேண்டும்.

நீங்கள் பாலைவனம் பெருக்குவதை இங்கே என் வரிசையில் வேலை பார்க்கும் பெண்களிடம் சொன்னேன். இப்போது என்னை 'விளக்குமாற்று ராஜா மகள்' என்று கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு நன்றி.

அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடலில் அலை எங்கே உடையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தரை விஷயத்தில் அவர் குழந்தை. 'இங்கே எல்லாக் கல்லும் ஒரே முகமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. நீங்கள் சொல்லித்தான் அவர் இந்த வேலைக்கு வந்தார். நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நானும் அனுப்பினேன். அவர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

திரை மஞ்சள் நிறத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்,
ஒட்டீலி


ஓராப் வாசல்
22 மார்ச் 1996

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சுகம். எண்ணெய் தடவியதில் முழங்கால் சரியாகவில்லை, ஆனால் ஆற்றங்கரையில் மேய்கிற கழுதைகள் எல்லாம் என்னைக் கண்டால் ஒதுங்குகின்றன. உன் கால் வீக்கம் எப்படி? உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கு.

மாப்பிள்ளையைப் பற்றி நீ சொன்னது சரி. போன வாரம் காலைப் பனியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறுநீர் கழிக்கப் போனவர், திரும்பிவர வண்டியைக் காணோம் என்று கத்தியிருக்கிறார். வண்டி நாற்பது அடியில் நின்றது. ஆற்றங்கரைக் குடியிருப்பு யோகன்னா அக்காதான் கழுதையைத் தேடி வந்தவள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றிவிட்டாள். "எலிஃபாஸ், உன் மருமகனுக்கு ஒரு மணி கட்டி விடு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நானும் சும்மா விடவில்லை. வாசலில் பார்வையாளர்களுக்குச் சொல்கிற பாடத்தை அவருக்கும் சொன்னேன். "மாப்ளே, வழி தப்பினா வண்டியை விட்டு ஒரு அடி நகராதீங்க. நடந்தவன் செத்தான், இருந்தவன் பொழைச்சான். உங்க சக்கரத் தடத்தைப் புடிச்சுக்கிட்டு நான் வந்து நிப்பேன். பத்தொம்பது வருஷத்துல ஒருத்தரையும் தவறவிட்டதில்ல." அவர், "மாமா, வரும்போது கையோட கொஞ்சம் காப்பி கொண்டாங்க" என்றார்.

ஆகவே பயப்படாதே. மஞ்சள் துணி வால்விஸ் பே நகரத்தில் வாங்கி வைத்தாயிற்று.

உன் அப்பா,
எலிஃபாஸ்


லூடரிட்ஸ்
19 ஏப்ரல் 1996

அப்பாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஒபேத் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை விறகு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லையாம். உங்களோடு இருப்பார் என்று அவர்கள் நாலு நாள் சும்மா இருந்திருக்கிறார்கள். நீங்கள் முகாமில் இருப்பார் என்று நினைத்தீர்களா?

நான் கிளம்பினேன். உதிரம் கண்டுவிட்டது. லாரியில் ஏறினால் பிள்ளை தங்காது என்று நர்ஸ் படுக்க வைத்துவிட்டாள். படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அப்பா, வண்டு ஊர்ந்த தடத்தைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்கிறவர் நீங்கள். ஒரு வண்டியைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உடனே எழுதுங்கள்.

ஒட்டீலி


ஓராப் வாசல்
21 ஏப்ரல் 1996

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனால் செய்தி உனக்கு வந்திருக்கும். நான் இருக்கிறேன். நீ படுத்து ஓய்வெடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்.

திங்கட்கிழமையிலிருந்து தேடுகிறோம். பூங்கா வார்டன் ஃபூரி ஐயா, இரண்டு காவலர்கள், யோகன்னா அக்கா, நான். அவர் விறகு கொண்டுபோகிற வடக்குச் சாலை முழுவதும் இரண்டு ஓரமும் நடந்தே பார்த்தாள் அக்கா. சாலையை விட்டு இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை. "நாலு சக்கரமும் பறந்தா போயிருக்கும்?" என்று என்னைத்தான் கேட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி முழுவதும் கிழக்குக் காற்று அடித்தது, அதனால் இருக்கலாம் என்றேன். இப்போது ஆற்றுப் பக்கமும் மணல்மேட்டுப் பக்கமும் தேடுகிறார்கள்.

வியாழக்கிழமையிலிருந்து நான் தனியாக வேறு தேடுகிறேன். சரளைத் தரையில். கழுதையில் போகிறேன்.

வேறு என்ன எழுத? திரை தைத்தாயிற்று. யோகன்னா அக்கா தைத்தாள்.

அப்பா


ஓராப் வாசல்
5 மே 1996

என் மகளே,

வியாழக்கிழமை, மானினங்களைக் கணக்கெடுக்க வந்த சிறு விமானம் அவரைக் கண்டது. சாலையிலிருந்து பதினாலு கிலோமீட்டர். வண்டி ஒரு சுண்ணாம்புச் சேற்றுப் பள்ளத்தில் அச்சு வரை இறங்கியிருந்தது. வண்டிக்குள் தண்ணீர் ஐந்து லிட்டர்தான் இருந்திருக்கிறது.

உன்னிடம் கொண்டுவர முடியாத நிலை. நேற்று ஆற்றங்கரைக் குடியிருப்பில் அடக்கம் செய்தோம். போதகர் நன்றாக ஜெபித்தார். நிறையப் பேர் வந்திருந்தார்கள். கிடாரை உனக்கு அனுப்புகிறேன்.

அவர் கஷ்டப்படவில்லை. தூங்கியதுபோல இருந்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன்னைக் கர்த்தர் தாங்கட்டும்.

அப்பா


லூடரிட்ஸ்
1 ஜூன் 1996

அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுந்து உட்காருகிறேன். பிள்ளை அசைகிறது.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: 'வடக்குச் சாலையிலிருந்து வாகனம் இறங்கியதற்குத் தடயம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே ஓட்டுநர் தமக்கு வேலையில்லாத ஆற்றுப்பாதை வழியாகச் சொந்தக் காரியமாகச் சென்றார் என்று முடிவு செய்யப்படுகிறது.'

சொந்தக் காரியம் என்ன அப்பா? முகாமில் அவரோடு வேலை பார்த்த ஒருவன் இங்கே உறவுக்காரர்களைப் பார்க்க வந்தான். ஆற்றங்கரையில் பீர் விற்கிற ஒரு பெண் இருக்கிறாளாம், விறகை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பாராம். அவன் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, செத்தவரைப் பத்தி எதுக்கு, விடுங்க" என்றான். விடு என்று சொல்லிவிட்டால் விட்டுவிட முடியுமா?

நான் ஊரார் பேச்சைக் கேட்கமாட்டேன். கம்பெனிப் பேச்சையும் கேட்கமாட்டேன். உங்கள் பேச்சைக் கேட்பேன். அவர் எந்த வழியாகப் போனார்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஒட்டீலி


ஓராப் வாசல்
28 ஜூன் 1996

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலத்துக்கு நாள்தோறும் ஜெபிக்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது. காலைப் பனி பத்து மணி வரை விலகுவதில்லை. பார்வையாளர் கூட்டம் அதிகம். நேற்று ஒரு கிழவர் இரண்டு பூனைகளைக் கூண்டோடு கொண்டுவந்து, அவற்றுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று கேட்டார். நாரா பழம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. விதை காயவைத்து அனுப்புகிறேன், பால் ஊறும் என்பார்கள்.

ஊர் வாயை யார் மூடுவது? நீ எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே. பிரசவம் நல்லபடியாக முடியட்டும், எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அப்பா


லூடரிட்ஸ்
11 ஆகஸ்ட் 1996

அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஜூலை இருபத்தேழு. மூன்று கிலோ. இரண்டு பேரும் சுகம். நாரா விதை வந்தது.

நான் கேட்டதற்கு நீங்கள் பூனைக் கதை எழுதினீர்கள். முதலில் அழுதேன், பிறகு புரிந்தது. மகள் மனசு நோகக்கூடாது என்று மருமகனின் குற்றத்தை மறைக்கிறீர்கள். எத்தனையோ அப்பாமார் செய்வதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் மௌனமே எனக்குப் பதில்.

அந்த ஆளின் சட்டைகளைப் படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கிடாரையும் கொடுத்தேன். இருந்த ஒரு போட்டோவை அடுப்பில் போட்டேன். இன்றைக்கு ஞானஸ்நானம் நடந்தது. நம் வழக்கப்படி பெண்பிள்ளை தகப்பன் வீட்டுப் பெயரைத்தான் சுமக்கவேண்டும். போதகர் பேனாவை வைத்துக்கொண்டு, "ஒபேத் கெய்செபின் மகள். பொண்ணுங்கறதால கெய்செஸ்னு எழுதறேன், சரிதானே?" என்றார். "வேணாம் ஐயா. எங்கப்பா வீட்டுப் பேரையே எழுதுங்க, தௌசாஸ்னு" என்றேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

அவள் உங்கள் பெயரைச் சுமந்து வளரட்டும். நான் நம்புகிற ஒரே ஆண் நீங்கள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
ஒட்டீலி


ஓராப் வாசல்
26 ஆகஸ்ட் 1996

ஒட்டீலி,

நீயும் குழந்தையும் சுகம் என்று அறிந்தேன். அதற்கு மேல் வழக்கமாக எழுதுகிற எதையும் இன்றைக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இதை உட்கார்ந்து படி. குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் படி.

ஒபேத் ஆற்றுப்பாதையில் போகவில்லை. வடக்குச் சாலையில்தான் போனார். பனியில் வழி தெரியாமல் முப்பத்தொன்றாம் கிலோமீட்டரில் சாலையை விட்டு இறங்கிவிட்டார். அந்தத் தடம் இருந்தது. நான்தான் அதைப் பெருக்கினேன்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம். அந்த வாரம் ஆறு இடத்தில் பெருக்கினேன், அதில் அது ஒன்று. குனிந்து பார்த்தேன். பின்சக்கரம் இரண்டும் புது டயர், முன்சக்கரத் தடத்தின் மேலேயே வெட்டு வெட்டாகப் பதிந்திருந்தது. பார்த்ததுமே வாடகைக் காரில் வந்த பார்வையாளர் என்று முடிவு கட்டிவிட்டேன். 'செடிக்கு முத்தம் கொடுக்கப் போன இன்னொரு ஜெர்மன்காரன்' என்று திட்டிக்கொண்டேதான் பெருக்கினேன். நம் வண்டி வழுக்கை டயர் என்று எனக்குத்தான் தூக்கத்திலும் தெரியுமே. எண்ணூறு அடிக்கு மேல் பெருக்கினேன். நல்ல வேலை. திரும்பிப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். ராத்திரி கிழக்குக் காற்று வந்து மிச்சத்தையும் மூடிவிட்டது.

திங்கட்கிழமை வார்டன், "எலிஃபாஸ், அந்தப் பக்கம் நம்ம வண்டித் தடம் ஏதும் பாத்தியா?" என்றார். "இல்ல ஐயா" என்றேன். அப்போது அது பொய் இல்லை. அதை மட்டும் நம்பு.

புதன்கிழமை கம்பெனிக் கொட்டகைக்குப் போனேன். சுவரோரம் இரண்டு வழுக்கை டயர் சாய்ந்திருந்தது. "இது எப்போ கழட்டினது?" என்று கேட்டேன். "பத்தாம் தேதி மாத்தினோம் எலிஃபாஸ், உன் மருமகன் புலம்பல் தாங்கல" என்றான் மெக்கானிக். நான் அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொடுத்தான். முழங்கால் என்று சொன்னேன்.

அன்றைக்கே வார்டனிடம் ஓடியிருக்கவேண்டும். யோகன்னா அக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். நானே போய்த் தேடிக் கூட்டிவந்துவிட்டால், சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்று நினைத்தேன். ஒரு கழுதை, ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு கோழை. இத்தனை வருஷமாக எப்படித் தடமே தெரியாமல் பெருக்கப் பழகினேனோ, அப்படியே அந்த இடத்தையும் பெருக்கியிருந்தேன். ஆறு இடத்தில் எது என்று எனக்கே தெரியவில்லை. மேடு தாண்டினால் இருபது வருஷத்துப் பழைய தடங்கள் வலை பின்னிக் கிடந்தன. மூன்று நாள் அலைந்தேன். அக்காவின் கண் கூட இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம்.

கஷ்டப்படவில்லை என்று எழுதினேன். அது பொய். அவர் வண்டியை விட்டு நகரவில்லை. நான் சொன்னபடியே இருந்தார். நடந்திருந்தால் சாலைக்கு வந்திருப்பார், காலை வெயிலுக்கு முன்னால் பதினாலு கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. வண்டியில் இருந்த விறகைக் கட்டுக் கட்டாக எரித்திருக்கிறார், நாலு இடத்தில் சாம்பல். தேடி வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை வரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நாங்கள் திங்கட்கிழமைதான் தேடக் கிளம்பினோம். டயரைப் பார்த்தது புதன்கிழமை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் மே மாதத்திலிருந்து என்னை ஏமாற்றி வந்தேன். செத்தவரைக் காப்பாற்ற முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. செத்தவரிடமிருந்து இன்னும் எடுக்க இவ்வளவு இருக்கிறது என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பீர் விற்கிற அம்மாளுக்கு அறுபத்தேழு வயது. அவளுக்கு அவர் விறகு கொடுத்ததில்லை. மஞ்சள் துணிக்கு ஊசி நூல் கேட்டு ஒரே ஒரு முறை போனார்.

நேற்று வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ உன் வேலையைத்தானே செஞ்ச?" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. எழுதிக் கொடுத்திருக்கிறேன், கம்பெனிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும். ஒபேத் கெய்செப் தன் வேலையாகத்தான் போனார் என்று. பெயரை மாற்றச் சொல்லு. போதகரிடம் என் கடிதத்தைக் காட்டு.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுக்கவேண்டியிருக்கும்.

எலிஃபாஸ்


லூடரிட்ஸ்
2 நவம்பர் 1996

கடிதம் செப்டம்பரில் கிடைத்தது.

நீங்கள் பெருக்கியதை நான் பொறுத்திருப்பேன். அது உங்கள் வேலை. டயரைப் பார்த்தது புதன்கிழமை. கம்பெனிக் கடிதம் வந்தது மே கடைசியில். நான் உங்களைக் கேட்டது ஜூனில். அப்போது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். செப்டம்பர் வரை ஒவ்வொரு நாளும் இறந்துபோன மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிரசவ வலியில் அவரைச் சபித்தேன். நர்ஸ்கள் சாட்சி.

படகுக்காரர்களிடம் போய்ச் சட்டைகளைக் கேட்டேன். ஒன்று கிடைத்தது. மீன் எண்ணெய் நாற்றம், அவர் வாசனை இல்லை. போட்டோ இல்லை. அவர் எப்படி இருந்தார் என்று இவளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

ஞானஸ்நானம் ஒரு தடவைதான், ஏட்டில் எழுதியதை மாற்ற முடியாது என்கிறார் போதகர். ஆகவே இவள் சாகும்வரை உங்கள் பெயரோடுதான் இருப்பாள்.

டிசம்பர் பதினாலு சனிக்கிழமை வருகிறேன். தொழிற்சாலை டிரைவர் ஒருவர் வண்டியில் கூட்டிவருகிறார். எல்லாப் பார்வையாளர்களையும் போலச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே வருவோம். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், கல்லறையையும் பார்க்க வேண்டும். எப்படிப் போவது என்று மட்டும் எழுதுங்கள். நான் வருகிற அன்றைக்கு நீங்கள் வாசலில் இருக்கவேண்டாம்.

ஒட்டீலி தௌசாஸ்


ஓராப் வாசல்
15 நவம்பர் 1996

ஒட்டீலிக்கு,

கேட்டபடி வழி எழுதுகிறேன்.

வாசலிலிருந்து வடக்குச் சாலையில் முப்பத்தொரு கிலோமீட்டர். இடது பக்கம் மூன்று வெள்ளைக் கற்கள் வைத்திருக்கிறேன். அங்கே இறங்கு. பார்வையாளர் யாரும் சாலையை விட்டு இறங்கக்கூடாது, உனக்கு வார்டனிடம் எழுத்தில் அனுமதி வாங்கி யோகன்னா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கூட வருவாள். அவரை எடுத்துவந்த லாரியின் தடம் பதினாலு கிலோமீட்டரும் அப்படியே இருக்கிறது. அதைப் பெருக்கச் சொல்லி வார்டன் இரண்டு முறை சொல்லிவிட்டார். முடியாது என்றேன். மூன்றாம் முறை சொன்னால் வேலை போகும். போகட்டும், நீ வந்து போகும்வரை அது இருக்கும்.

சாம்பல் இரண்டு இடத்தில் இன்னும் தெரிகிறது. மற்றதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

தண்ணீர் ஆளுக்கு இருபது லிட்டர் எடுத்துக்கொள். காலையில் பனி விலகுகிற வரை வாசலிலேயே நில், யார் அவசரப்படுத்தினாலும் கிளம்பாதே. கல்லறைக்கு அக்கா கூட்டிப்போவாள்.

முகாம்காரர்களிடம் போட்டோ இருக்குமா என்று எல்லோரையும் கேட்டேன். ஒரு பார்வையாளர் எடுத்த படத்தில் ஓரமாக அவர் கையும் விறகுக் கட்டும் மட்டும் விழுந்திருக்கின்றன. அதையும் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு வாசலில் வேறு ஆள் இருப்பான். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பேன், உன் வண்டிச் சத்தம் தேயும் வரை வெளியே வரமாட்டேன். உள்ளே வருகிற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினால் போதும். தொட்டி இருப்பது இடது பக்கம். அந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. டிசம்பர் வெயில், வண்டி நின்றால் உள்ளே வெந்துவிடும், குழந்தைக்குக் காற்று வேண்டுமே என்பதற்காக எழுதினேன்.

எலிஃபாஸ்